மூன்றரை மணி விமானமும் ஆறு கட்டைச் சாலையும்

திருச்சிக்கும் மலேசியாவின் ஈப்போவுக்கும் இடையே நேராக அளந்தால் சுமார் 2,560 கிலோமீட்டர். ஜெட் விமானம் மூன்றரை மணி நேரத்தில் பறந்துவிடும். இந்த இரண்டு தகவலையும் கைபேசி ஒரு நொடியில் தந்துவிடுகிறது. அது சொல்லாமல் விடுகிற மூன்றாவது தகவல் ஒன்று உண்டு. அப்படி ஒரு விமானமே கிடையாது.

ஊருக்கு ஊர் பறக்கும் நேரம் சொல்லுகிற செயலிகள் எல்லாம் இப்படித்தான். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்து, அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டை அளந்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் நேரம் சேர்த்துக் கையில் கொடுத்துவிடும். அங்கே ஓடுதளம் உண்டா, விமானம் போகிறதா என்பதெல்லாம் அதற்கு வேண்டாத விசாரணை. விளையாட்டாக ஈப்போவிலிருந்து பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டில் 25 கிலோமீட்டர். ஏற்ற இறக்கத்தைச் சேர்க்காவிட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத் தூரத்தைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு எத்தனை வருஷம் பிடித்தது என்று ஆராயப் போனேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மையில் நான் போனது ஒரு கல்யாணத்துக்கு.

முசிறி, துறையூர், நாமக்கல் வட்டாரத்தில் மலேயாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து போனவர் தாத்தாவின் அண்ணன். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர் அங்கேயே மண்ணாகிப்போனார். அவர் வம்சம் தோட்டத்தை விட்டு வெளியேறி இப்போது ஈப்போவில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் கல்யாணம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. அந்த வரிசையில் நின்று பார்த்தாலே யார் சுற்றுலாப் பயணி, யார் சொந்தக்காரர் என்று தெரிந்துவிடும். சொந்தக்காரர் பெட்டியில் சமயபுரத்துக் குங்குமம் இருக்கும், எடை கூடிவிட்டது என்று கடைசி நிமிடத்தில் வெளியே எடுத்த முறுக்குப் பொட்டலம் கையில் இருக்கும். பயண நேரம் நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் டிக்கெட்டில் புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து கழித்தால் ஆறரை மணிபோல் காட்டும். பயப்பட வேண்டாம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது.

இந்த இரண்டரை மணியில் ஒரு மணி நேரம் சூரியன் ஒப்புக்கொள்ளாதது. திருச்சி கிழக்கே 78.7 பாகையில் இருக்கிறது, ஈப்போ 101-இல். ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு நாலு நிமிடம். ஆக, இரண்டு ஊருக்கும் நியாயமான வித்தியாசம் ஒன்றரை மணிதான். மீதி அரசாங்கம் போட்டது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் முன்பு உலகப் பொதுநேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் அதை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள். பக்கத்துச் சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதனால் ஈப்போவில் காலை ஏழு மணிக்குத் தெரு இன்னும் மசங்கலாகத்தான் இருக்கிறது. சீருடை போட்ட பிள்ளைகள் அந்த இருட்டில் பள்ளி வண்டிக்கு நிற்கிறார்கள். முதல் நாள் ஐந்து மணி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். கல்யாண வீட்டுப் பெரியம்மா கதவைத் தட்டி, “பசியாற வாங்க தம்பி, மணி ஏழாச்சு” என்றார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்று சொல்லும் பழக்கம் நம் பக்கம் தேய்ந்துகொண்டு வருகிறது. அங்கே எட்டு வயதுப் பையன்கூட அப்படித்தான் சொல்கிறான்.

முந்தைய நாளுக்கு வருகிறேன். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகரத்து சென்ட்ரல் நிலையத்துக்கு ஒரு ரயில், அங்கிருந்து ஈப்போவுக்கு மின்சார ரயில். இந்த மின்சார ரயில் 2010-இல் ஓடத் தொடங்கியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகிறது. 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தை இரண்டேகால், இரண்டரை மணியில் முடித்துவிடுகிறது. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஜன்னலை நிரப்புவது செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைதான். வரிசை தப்பாத, ஒரே உயரத்துப் பச்சை. பத்து நிமிடம் பார்த்தால் கண் சலித்துவிடும். கம்பார் கடந்த பிறகுதான் நிலம் வேறு முகம் காட்டுகிறது. சமவெளியின் நடுவே திடீர் திடீரென்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள், மழை அரித்த வெள்ளைப் பாறையில் தொங்கும் மரங்கள், குன்றுகளுக்கு இடையே ஈயம் தோண்டி எடுத்த பள்ளங்களில் நீல நீர். இந்தக் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் பெரிய ஈய வயல்களில் ஒன்று. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததோடு அந்தக் கதை முடிந்தது. குட்டைகள் மட்டும் தங்கிவிட்டன. வாத்து வளர்க்கிறார்கள், மீன் வளர்க்கிறார்கள், சில இடங்களில் கரையில் பங்களா கட்டி விற்கிறார்கள்.

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச நேரம் நின்று பார்க்கத்தான் வேண்டும். ஆர்தர் பெனிசன் ஹபக் வரைந்து 1917-இல் முடிந்த வெள்ளைக் கட்டடம். மாடங்களும் குவிமாடங்களுமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் ஈப்போவின் தாஜ்மகால் என்கிறார்கள். தாஜ்மகாலைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சம்மதம் இல்லை. ஆனால் நம் எழும்பூர் நிலையத்தைப் பார்த்தவன் என்ற முறையில், இரண்டுக்கும் ஏதோ தூரத்து உறவு இருப்பதாக ஒப்புக்கொள்கிறேன்.

விமான நிலையத்தையும் பார்த்துவிடலாம் என்று போனேன். நகரத்தின் தெற்கு ஓரத்தில், சுல்தான் அஸ்லான் ஷா பெயரில் சிறிய, சுத்தமான நிலையம். ஓடுதளம் 2,000 மீட்டர். நான் போனபோது சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் விமானம் இருந்தது. தலைநகரமான கோலாலம்பூருக்கு இல்லை. இதில் வியப்பு எதுவும் வேண்டியதில்லை. 200 கிலோமீட்டர் தூரத்துக்கு விமானம் ஏறினால், வானத்தில் இருப்பது அரை மணி என்றாலும் முன்னும் பின்னும் வரிசையில் நிற்பது மூன்று மணி. சிங்கப்பூருக்கு 480 கிலோமீட்டர். வேகத்தை வைத்து வகுத்தால் முப்பத்தாறு நிமிடம்தான் வரும், டிக்கெட்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி போட்டிருக்கும். கதவு மூடுவது முதல் கதவு திறப்பது வரை அவர்கள் கணக்கு. தரையில் உருள்வது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறுகிய பயணத்தில் பறப்பதைவிட இந்த உபசாரங்களுக்குத்தான் நேரம் அதிகம்.

ஆனாலும் விமான வரலாற்றில் ஈப்போவைச் சின்ன ஊர் என்று சொல்லிவிட முடியாது. 1947 மே 1-ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் முதல் வழக்கமான சேவையைத் தொடங்கியபோது, அது போன பாதை சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. ஏர்ஸ்பீட் கான்சல் என்ற இரட்டை எஞ்சின் விமானம். ஐந்து பயணிகளுக்குத்தான் இடம். அந்த நிறுவனம் பின்னால் பெயர்கள் மாறி 1972-இல் இரண்டாகப் பிரிந்துதான் இன்றைய சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் மலேசியா ஏர்லைன்ஸும் ஆனது. உலகம் சுற்றும் இரண்டு பெரிய நிறுவனங்களின் முதல் பயணத்தில் ஈப்போவும் ஒரு படிக்கட்டு.

அந்த ஐந்து இருக்கைகளில் தோட்டத்துத் தமிழன் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவன் வந்த வழி வேறு. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்து, வங்கக் கடலை ஐந்தாறு நாளில் கடந்து பினாங்கில் இறங்குவது. நாகையிலிருந்து பினாங்குக்கு 2,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கரையில் கால் வைப்பதற்கு முன் நோய்த்தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் தங்க வைப்பார்கள். அங்கிருந்து கங்காணி வந்து கூட்டிப்போவார். 1907 முதல் கப்பல் கட்டணத்துக்குக் குடியேற்ற நிதி இருந்தது. தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து அதிலிருந்து கட்டினார்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது. எல்லாருக்கும் நினைவில் நிற்கும் கப்பல் ரஜூலா. 1926-இல் கட்டியது, 1970-களின் தொடக்கம் வரை இந்தப் பாதையில் வந்து போய்க்கொண்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைக் குடித்தது. அதோடு கப்பல் பயணம் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் விமானம்தான்.

கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் பெரியம்மா, “தோட்டத்தப் பாத்துட்டு வருவோமா?” என்றார். எண்பதை நெருங்கும் வயது. அந்தத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷம் பால் வெட்டியவர். அவர் மகன், எனக்குத் தம்பி முறை, காடியை எடுத்தார். காடி என்றால் அங்கே கார். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் அரை மணிப் பயணம். நாலு வழிச் சாலை, நடுவில் ஒரு கடையில் தே தாரிக் என்கிற ஆற்றிய பால்தேநீர் குடித்ததையும் சேர்த்துத்தான்.

“இந்தத் தூரத்துக்கா பெரியம்மா ஈப்போவுக்கு வராம இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“தூரம் இங்க இல்ல தம்பி. வாங்க, காட்டுறேன்.”

பெரிய சாலையிலிருந்து திரும்பி உள்ளே போகும் வழியில் தூரத்தைக் காட்டினார். ஆறு கட்டை. கட்டை என்றால் மைல். மலேசியா எழுபதுகளிலேயே கிலோமீட்டருக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஆனால் ஊர்க்காரர்களின் பேச்சில் மைல்கல் இன்னும் நடப்பட்டே நிற்கிறது. எட்டாங்கட்டைக் கோயில், பத்தாங்கட்டைக் கடை என்றுதான் வழி சொல்கிறார்கள். அந்த ஆறு கட்டையும் அப்போது செம்மண் சாலை. பஸ் பெரிய சாலையோடு போய்விடும். தோட்டத்துக்குள் துரைக்குக் கார், கணக்கெழுதும் கிராணிக்குச் சைக்கிள், ரப்பருக்கு லாரி. ஆளுக்குக் கால். ரப்பர் வாரத்தில் சில நாள் டவுனுக்குப் போனது, அதை எடுத்தவர்கள் போகவில்லை.

“போகக்கூடாதுன்னு யாரும் சொல்லல தம்பி. போயிட்டு வந்தா ஒரு நாள் பேர் போயிரும். ஒரு நாள் பேர் போனா அரிசிக் காசு போச்சு.” பேர் என்றால் வருகைப் பதிவு, அதாவது ஒரு நாள் கூலி.

வருஷத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே ஈப்போ குனோங் செரோவில் இருக்கும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போவார்களாம். மற்றபடி மளிகை தோட்டத்துக் கடையில், வைத்தியம் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம், பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில், பிறகு தோட்டத்துப் பள்ளியில், ஆண்களுக்குக் கள்ளுக்கடை. எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான், வெளியே போக ஒரு காரணம். ஆறு மைலுக்கு வேலி கட்டத் தேவையே இருக்கவில்லை.

பிறகு வேலியும் கட்டினார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலை, சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்கார நிர்வாகியையும், இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேரையும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக்கொன்றார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீண்டது. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாது என்று, 1950 முதல் சிதறிக்கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். பெரியம்மாவின் சிறுபிள்ளைக் காலம் முழுக்க அந்தக் கம்பிக்குள் கழிந்திருக்கிறது. காலையில் வாசல் திறக்கும்போது அவர் அம்மாவின் பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம், உள்ளே சோறு இருக்கிறதா என்று. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாடு எடுத்துப்போகக் கூடாது. “வெறும் வயித்தோட வெட்டிட்டு வந்துதான் அம்மா பசியாறும்” என்றார், சாலையைப் பார்த்தபடியே.

தோட்டத்தைச் சேர்ந்தோம். தோட்டம் என்று சொன்னால் ரப்பர் மரம் நினைவுக்கு வரும், ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் வாழையும் புல்லும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இதுதான் என்று பெரியம்மா காட்டிய இடத்தில் ஒரு டிராக்டர் நின்றது. மாரியம்மன் கோயில் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு இருக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிய குடும்பங்கள் எல்லாம் வருவார்களாம். இப்போது செம்பனை வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். விமானத்தில் வந்தவர்கள், அவர்களுக்கும் டவுன் ஆறு கட்டைதான்.

அங்கே நின்றுதான் அந்தக் கணக்கைப் போட்டேன். ஒரு ஆளுக்கு நானூற்றைம்பது மரம் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு மரம் இருபது அடி. ஒருமுறை சுற்றி வந்தால் ஒன்பதாயிரம் அடி, இரண்டேமுக்கால் கிலோமீட்டர். விடியுமுன் வெட்டுவதற்கு ஒரு சுற்று. குளிர்ந்த நேரத்தில்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். அதற்காகத்தான் இருட்டில் எழுப்பினார்கள். பால் வடியும் மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி எடுக்க மறுபடி ஒரு சுற்று. ஆக ஒரு நாளைக்கு ஐந்தரை கிலோமீட்டர். மாதம் இருபத்தைந்து நாள், முப்பது வருஷம். கைபேசியிலேயே பெருக்கினேன்: 49,500 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000-க்குச் சற்று மேல்.

“பெரியம்மா, நீங்க உலகத்தையே ஒரு சுத்துச் சுத்தி, அதுக்கு மேலயும் நடந்திருக்கீங்க” என்றேன்.

“அப்படியா? ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுத்தானுங்களா?” என்றார்.

எல்லாத் தோட்டமும் இப்படி ஆறு கட்டைக்கு அப்பால் முடங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. இதே பேராக்கில், தெற்கே தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கியது. அந்தத் தோட்டத்துக்குள்ளேயே சிறு விமானம் இறங்கும் ஓடுதளம் உண்டு. சுமை இழுக்கச் சின்ன ரயில் தண்டவாளமும் உண்டு. அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. ஆகவே சாலை போடத் தெரியாமலோ, முடியாமலோ யாரும் விட்டுவிடவில்லை. எந்தச் சாமானுக்கு அவசரம் என்று பார்த்துச் சாலை போட்டார்கள். பால் புளிப்பதற்குள் கொட்டகைக்குப் போக வேண்டும், செம்பனைக் குலை கெடுவதற்குள் ஆலைக்குப் போக வேண்டும். ஆள் கெட்டுப்போகிற சரக்கு இல்லை.

1957-இல் சுதந்திரம் நெருங்கியபோதும் அதற்குப் பிறகும் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களைக் கைமாற்றின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டால் அந்தத் தலைமுறைக்கு இன்றும் முகம் இறுகுகிறது. வேலையோடு வீடும் போகும், வீட்டோடு பள்ளியும் கோயிலும் போகும். சுங்கை சிப்புட்டில் 1919-இல், அதுவும் ஒரு ஜூன் 16-இல் பிறந்த வீ. தி. சம்பந்தன் அதற்கு ஒரு வழி கண்டார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி, அதாவது மலாயா டாலர், போட்டால், அந்தப் பணத்தில் தோட்டத்தை அவர்களே வாங்கலாம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு வருஷமே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததற்கும் அவர்தான் முன்னின்றார். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அமைச்சராக இருந்தவர், தோட்டம் தோட்டமாக நடந்து பத்து வெள்ளி கேட்டார் என்பதைப் பெரியம்மா நேற்று நடந்ததுபோல் சொல்கிறார். எனக்கு அவர் அரசியலின் மற்றப் பக்கங்களைப் பற்றிச் சில கருத்து உண்டு. ஆனால் அந்தப் பத்து வெள்ளி யோசனைக்கு இணையாக வேறெதையும் நான் கேள்விப்படவில்லை.

1968-இல் இன்னொரு இடி. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல், பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறித் திரும்பினார்கள். எங்கள் ஊரில் மலேயாக்காரர் என்று ஒருவர் இருந்தார். யாரோடும் பேசமாட்டார், விடியுமுன் எழுந்து தெருவில் நடப்பார். பைத்தியம் என்று பிள்ளைகள் கல் எறிவோம். அவர் எந்த நேரத்துக்கு எழுந்தார், ஏன் எழுந்தார் என்று அந்தச் செம்பனைக்கு நடுவே நிற்கும்போதுதான் விளங்கியது.

திரும்பும் வழியில் தம்பி, “கோலகங்சார் பக்கந்தான்ணே, அந்த மரத்தப் பாத்துருவோம்” என்றார். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளில் ஒன்பதைப் பேராக்கின் ஆங்கில ரெசிடென்ட் ஹியூ லோ இங்கே தன் வளாகத்தில் நட்டார். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் நிற்கிறது. பிரேசிலில் பொறுக்கிய விதை 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்து, கப்பலேறிக் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பயணப்பட்டு, கடைசியில் இந்த ஆற்றங்கரை ஊரில் வேர்விட்டது. பால் வெட்ட வந்தவனைவிடப் பால்மரம் அதிகத் தூரம் பயணம் செய்திருக்கிறது. சுற்றிலும் வேலி, விளக்கப் பலகை. பெரியம்மா வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்து, மரத்தை மேலும் கீழும் பார்த்து, “கெழட்டு மரம். இதுல பால் இருக்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காடியில் ஏறிக்கொண்டார்.

ஈப்போவுக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து போனால் கோலாலம்பூரில் இறங்கி மின்சார ரயில் பிடியுங்கள். விடுமுறை நாள் என்றால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், நின்றுகொண்டு போக விடமாட்டார்கள். விமான நிலைய வாசலிலிருந்தே ஈப்போவுக்கு நேர் பேருந்தும் உண்டு. சென்னையிலிருந்து 2024 டிசம்பர் முதல் பினாங்குக்கு நேர் விமானம் வந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் போன அதே கரை, நாலு மணிக்குள் சேர்த்துவிடும். பினாங்கிலிருந்து ஈப்போ 150 கிலோமீட்டர், சாலை நன்றாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் மலேயாவுக்குப் போனவர் ஒருவர் இருந்தால், இருக்கிற பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். மாநிலத்தின் பெயர் மட்டும் போதாது. தோட்டத்தின் பெயரும், டிவிஷன் இருந்தால் அதுவும், தபால் போன டவுனின் பெயரும் வேண்டும். வரைபடத்தில் அந்தத் தோட்டம் இன்று இருக்காது. ஆனால் பேராக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டம் அழிந்து டவுனுக்குப் பக்கத்தில் இடம் மாறிய பிறகும் பழைய தோட்டத்தின் பெயரையே பலகையில் வைத்திருக்கின்றன. அந்தப் பள்ளியைத் தேடிப் போய்த் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஊரில் யார் எங்கே போனார்கள் என்று தெரிந்தவர் ஒருவராவது அவருக்குப் பழக்கம் இருப்பார். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் பள்ளி விட்டுவிடும்.